எத்திலீன் 'அளவு' என்றால் எந்த அளவு?

அன்பர்களுக்கு வணக்கம்.

அறிவியல் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில், பழம் வெளிவிடும் எத்திலீனை (காயைப் பழுக்க வைக்கும் வாயு) அளக்கும் கருவிக்குக் 'கனிவுமானி' என்று பெயர் வைக்கலாம் என ஒருவர் சொல்லியிருந்தார். கேட்க இனிக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் ஒன்று வந்தால், முதலில் அதை டிக்கெட் கவுண்டரில்தான் மாட்டச் சொல்வார்கள். 'பழுப்புமானி' நிறம் பார்ப்பதாகிவிடும். எத்திலீனுக்கே 'மூட்டவளி' என்ற யோசனை எனக்குப் பிடித்திருந்தது. வாழைத்தாரை மூட்டம் போடும்போது புகையில் வேலை செய்வது அதுதானே. ஆனால் நான் இருப்பது கொடைக்கானல் மலையில், தாண்டிக்குடிப் பக்கம். இங்கே மூட்டம் என்றால் மேகம் இறங்கி எதிர்வீடு தெரியாமல் நிற்பது. ஆகவே எத்திலீன் எத்திலீனாகவே இருக்கட்டும்.

எனக்கு இடிப்பது 'எத்திலீன் அளவு' என்ற தொடர். பழுக்க வைக்கும் அறையின் காற்றில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஒன்று. 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 100 பங்கு) மேல் கூடாது என்கிறார்களே, அது இந்த அளவைத்தான். பழம் மணிக்கு எவ்வளவு விடுகிறது என்பது வேறு. முன்னதற்குச் 'செறிவு' இருக்கிறது. பின்னதற்குத்தான் சொல் வேண்டும்.

250 கிராம் பட்டர் ஃப்ரூட் ஒன்றை 3 லிட்டர் ஜாடியில் இட்டு இறுக மூடுகிறோம் என்று வையுங்கள். பழம் அடைத்த இடம் போகக் காற்று ஏறக்குறைய 2.75 லிட்டர். ஒரு மணி கழித்து, மூடியிலுள்ள ரப்பரில் ஊசி குத்தி உள்காற்றை இழுத்து, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் செலுத்துகிறோம். 5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 5 மைக்ரோலிட்டர் காட்டினால், ஜாடியில் சேர்ந்தது 13.75 மைக்ரோலிட்டர். கிலோவுக்கு என்று பார்த்தால் மணிக்கு 55 மைக்ரோலிட்டர். அதே பழத்தைப் பெரிய டிரம்மில் அடைத்திருந்தால் பிபிஎம் குறையும், 55 மாறாது. (ரொம்ப நேரம் மூடி வைக்கக் கூடாது. பழம் விடும் கரியமில வாயு சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். வெப்பநிலையையும் குறித்தாக வேண்டும். கொடைக்கானல் குளிரில் எடுத்த எண் கீழே வத்தலக்குண்டு வெயிலில் செல்லாது.)

இந்த 55-க்கு என்ன பெயர்? 'உமிழ்வு' என்றதும் லாரிப் புகைதான் நினைவுக்கு வருகிறது. 'சுரப்பு' பழத்துக்குள் நடப்பது. ஜாடி பிடிப்பதோ வெளியே வந்ததை மட்டும். நாம் மூச்சு விடுகிறோம். பழம் எத்திலீன் விடுகிறது. அதனால் 'விடுவீதம்'. விடுகதை, சுடுசோறு போல வினைத்தொகை. விட்டது, விடுகிறது, விடும் மூன்றும் அதில் அடங்கும். விருப்பாட்சி மலைவாழைத் தாரில் காய் பச்சையாக இருக்கும்வரை விடுவீதம் மிகக் குறைவு. செங்காயாகும் தறுவாயில் சட்டென்று ஏறி, பிறகு இறங்கும். ஆரஞ்சுக்கு இந்த ஏற்றமே இல்லை. இப்படி எழுதிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

ஒன்று மட்டும்: சேர்த்தே எழுத வேண்டும். 'விடு வீதம்' என்று பிரித்தால், வீதத்தை விட்டுத்தள்ளு என்று படித்துவிடுவார்கள்.