1914-இல் 5 டாலர் என்றால் இன்றைக்கு எவ்வளவு?

ஏட்டுச்சுவடி:
தொழில் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளர்களின் நாள் கூலியை இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்த்தி 5 டாலர் என்று அறிவித்தாரே, அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்றைய மதிப்பைப் போட வேண்டும். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துப் பார்த்தால் 2023-இல் சுமார் 150 டாலர் வருகிறது. தங்கத்தின் விலையை வைத்துப் பார்த்தால் 450 டாலரைத் தாண்டுகிறது. ஆனால் இன்று அங்கே ஆலைத் தொழிலாளி 8 மணி நேரத்துக்குச் சராசரியாக 200 டாலருக்கு மேல் வாங்குகிறார். ஊரே திரண்டு வந்து வேலை கேட்டு நின்ற கூலி, இன்றைய சாதாரணக் கூலியைவிடக் குறைவா? எங்கே தப்பு செய்கிறேன்?

செம்புக்காசு:
கணக்கில் தப்பில்லை நண்பரே. விலைக் குறியீடு 1914-இல் 10, 2023-இல் ஏறக்குறைய 305, ஆகவே 30 மடங்கு. 5 டாலருக்கு 150 என்பது சரியே. ஆனால் அந்த எண் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில்: அன்று 5 டாலருக்குக் கிடைத்த பொருட்களை இன்று வாங்க எவ்வளவு ஆகும்? உங்கள் கேள்வி அது இல்லை. அந்தக் கூலி அன்றைய மனிதர்களுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதுதானே கேள்வி? இந்த நூறு வருடத்தில் விலைகள் ஏறியதைவிடக் கூலி அதிகமாக ஏறிவிட்டது, அதனால்தான் 150 என்பது சின்னதாகத் தெரிகிறது. அதே ஆலையில் அதற்கு முன் கொடுத்தது 9 மணி நேரத்துக்கு 2.34 டாலர். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைய தொழிலாளிக்குத் திடீரென்று ஒரு நாளைக்கு 400 டாலருக்கு மேல் தருகிறோம், வேலை நேரத்தையும் குறைக்கிறோம் என்று சொன்னால் எப்படி இருக்கும், அந்த அளவு.

தங்கத்தை விட்டுவிடுங்கள். 1933 வரை ஒரு அவுன்ஸ் 20.67 டாலர், 1934-இலிருந்து 35 டாலர் என்று அரசாங்கம் கட்டிவைத்திருந்த விலை அது. 1971-இல் அந்தக் கட்டை அவிழ்த்த பிறகு சந்தை போகிற போக்கில் போகிறது. அதை வைத்து யாருடைய வாழ்க்கைச் செலவையும் அளக்க முடியாது.

வட்டிக்கணக்கு:
மேலே சொன்னது சரி. ஆனால் பின்னால் போகப் போக விலைக் குறியீடே பிடி கொடுக்காது, ஏனென்றால் குறியீடு என்பது ஒரு கூடைப் பொருட்களின் விலை, அந்தக் கூடையே மாறிவிடுகிறது. நேதன் ரோத்ஸ்சைல்டு அவர் காலத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். 1836-இல் சீழ்க்கட்டி ஒன்று புரையோடி இறந்துபோனார். அவரிடம் இருந்த மொத்தப் பணத்துக்கும் ஒரு வேளை ஆன்டிபயாடிக் வாங்க முடியாது, அப்படி ஒரு பொருளே அன்று இல்லை. அவருடைய சொத்தை இன்றைய பவுண்டுக்கு மாற்றினால் வரும் எண்ணில் இது எங்கே இருக்கிறது? விளக்கு வெளிச்சமும் இப்படித்தான். பொருளாதார நிபுணர் வில்லியம் நோர்ட்ஹாஸ் விளக்கின் விலையைப் பார்க்காமல், கிடைக்கும் வெளிச்சத்தின் அளவுக்கு என்ன விலை என்று கணக்கிட்டார். வழக்கமான குறியீடுகள் காட்டுவதைவிட வெளிச்சத்தின் உண்மை விலை பல மடங்கு அதிகமாகக் குறைந்திருந்தது.

பழங்கணக்கு:
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை நிறையப் பேர் செய்கிறார்கள், படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது: வருடத்துக்கு 3 சதவீதம் என்று தாங்களாகவே வைத்துக்கொண்டு இருநூறு வருடத்துக்குக் கூட்டு வட்டி போட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் 1815-இல் இருந்ததைவிட 1914-இல் விலைகள் குறைவு! 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஐரோப்பாவில் நடந்ததை 'விலைப் புரட்சி' என்றே அழைக்கிறார்கள், 150 வருடத்தில் விலை சுமார் ஆறு மடங்கு. ஆனால் வருடக் கணக்கில் பார்த்தால் 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான். மறுபக்கம் ஜெர்மனி. 1914-இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். அங்கே '1923-இல் இத்தனை மார்க்' என்று வருடத்தை மட்டும் எழுதினால் அர்த்தமே இல்லை, மாதம் வேண்டும், கடைசி மாதங்களுக்கு நாளே வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. அடைப்புக்குறியை எடுத்துவிட்டேன். "முன்பு 9 மணி நேரத்துக்கு 2.34 டாலர், இனி 8 மணி நேரத்துக்கு 5 டாலர்" என்றே எழுதப்போகிறேன், வாசகர் மாற்றிப் பார்க்கவே தேவை இருக்காது.

செம்புக்காசு:
அது போதும். ஒரு திருத்தம் மட்டும்: அந்த 5 டாலர் முழுவதும் கூலி இல்லை, பாதிக்கு மேல் லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. வீட்டு வாழ்க்கையை நிறுவனத்தின் ஆட்கள் வந்து விசாரித்துத் தகுதி உண்டு என்று சொன்னவர்களுக்குத்தான் அது கிடைத்தது. "5 டாலர் வரை" என்று போடுங்கள்.