ஏ = பி புரியாதவனுக்கு கோடிங் வராதா?

தங்கச்சிமடத்தான்:
ராமநாதபுரத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் வருடம். "ஏ = 10, பி = 20, அடுத்த வரி ஏ = பி. இப்போது இரண்டும் என்ன?" என்று லேபில் கேட்டார்கள். இடம் மாறிவிடும் என்று எழுதினேன். பக்கத்துப் பையன் நொடியில் 20, 20 என்று போட்டான். "இதெல்லாம் பிறவியிலேயே வரணும்" என்றார் ஒருவர். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அப்பா படகில் ஆள் குறைவு. போய்விடவா?

மண்டபம் மணி:
உள்ளதைச் சொல்கிறேன் தம்பி, சிலருக்கு வராது. நான் இரண்டு வருடம் முட்டிப் பார்த்துவிட்டு அக்கவுண்ட்ஸுக்குப் போனேன்.

பாம்பன் அக்கா:
தம்பி, அந்தக் கேள்விக்கு ஒரு கதை உண்டு. 2006-இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் தெஹ்நாதி, போர்னாட் என்ற இருவர் இதே மாதிரிக் கேள்விகளைப் பாடம் தொடங்கும் முன்பே மாணவர்களிடம் கொடுத்தார்கள். தேறுபவர் யார், தேறாதவர் யார் என்று முன்கூட்டியே பிரித்துவிடலாம் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பார்த்தது சரியான விடையை அல்ல. தப்போ சரியோ, எல்லாக் கேள்விக்கும் ஒரே விதியைப் பிடித்துக்கொள்கிறாயா என்றுதான். எல்லாவற்றிலும் 'இடம் மாறும்' என்றே எழுதியிருந்தால் நீ தேறுகிற கூட்டம்! அப்புறம் 2014-இல் போர்னாட்டே அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்.

அம்மா பாசி எடுக்கப் போன பிறகு, வீட்டில் ஒரு லூப்புடன் (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கோடு) நான் நான்கு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். இன்று பைத்தான் என்ற கோடிங் மொழியில்தான் சம்பளம். உன் தப்பு எங்கே என்றால், மீன் பெட்டி மாதிரி நினைக்கிறாய். பெட்டியில் மீன் நகரும். இங்கே எண் நகராது. ஏலக்காரர் சிலேட்டை நினை. பி-யில் இருப்பதைப் பார்த்து, ஏ-யில் இருப்பதை அழித்துவிட்டு எழுதுகிறாய். பி அப்படியே இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் நோட்டில் கட்டம் போட்டு, ஏ-யில் என்ன, பி-யில் என்ன என்று எழுது. எனக்கு அதுதான் கை கொடுத்தது. சரி, இப்போது இரண்டையும் நிஜமாகவே இடம் மாற்றிக் காட்டு.

தங்கச்சிமடத்தான்:
அக்கா, முதலில் ஏ = பி, பி = ஏ என்று போட்டேன். இரண்டும் 20. பத்தைத் தேடினால் காணோம். கட்டம் போட்டபோதுதான் அது முதல் வரியிலேயே அழிந்தது தெரிந்தது. சி என்று ஒன்று வைத்து, அதில் பத்தை எழுதிவிட்டு மாற்றினேன், வந்துவிட்டது. ராத்திரி ஒரு மணி. வலை பொத்திக்கொண்டிருந்த அப்பா, "என்னடா சிரிக்கிறே?" என்றார்.