நேராக்கிய கூந்தல் ஒடிகிறது: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இயல்பிலேயே சுருள்முடி கொண்ட என் மகள், கடந்த ஆண்டு தயோகிளைக்கோலேட் என்ற வேதிப்பொருள் உள்ள க்ரீம் கொண்டு ஸ்ட்ரெய்ட்னிங் செய்துகொண்டாள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், வேர்ப்பகுதி சுருண்டும் கீழ்ப்பகுதி நேராகவும் இருக்க, இரண்டும் சேரும் இடத்தில் சீவும்போது ஒடிகிறது. முடிக்கு உறுதி தரும் டைசல்பைடு பிணைப்புகளை உடைத்துத்தான் இந்த க்ரீம் வேலை செய்கிறது, ஆகவே, முழுக் கூந்தலுக்கும் மறுபடி பூசலாம் என்று ஓர் அழகுநிலையத்தில் சொன்னதை (அதுவும் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரத்தால் முடியை நேராக்கும் வேறு வகை க்ரீமான ரிலாக்சரை!) நான் ஏற்கவில்லை. எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம். புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் பூசிக்கொண்டவர்கள் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள், சல்பேட் இல்லாத ஷாம்புவால் வறட்சி குறைந்ததா, அல்லது சிறிது சிறிதாக வெட்டி இயல்பான முடிக்கே திரும்புவது நல்லதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.