11 மாத அக்ரிமெண்ட் முடிகிறது, ஓனர் புதுப்பிக்க மறுக்கிறார்: ஆவணி வரை இருக்க வழி உண்டா?

மாம்பலம் மாடிவீடு:
மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் ஐந்து வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 18,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். ஒவ்வொரு தடவையும் 11 மாதத்துக்கு அக்ரிமெண்ட் போடுவோம். இப்போதையது ஜூன் 30-ஆம் தேதி முடிகிறது. கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் போன வாரம் மேலே வந்து, "இந்தத் தடவை புதுப்பிக்கலைம்மா. பையன் பெங்களூர்லேர்ந்து குடும்பத்தோட வர்றான். முப்பதாம் தேதி சாவியைக் குடுத்துடுங்க" என்றார்.

மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம்தான் ஆகிறது. வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். ஜூலை நடுவில் ஆடி வேறு பிறந்துவிடும். ஆடியில் புதுவீட்டில் பால் காய்ச்ச எங்கள் வீட்டில் ஒப்ப மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் போய்விடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை. மறுநாளிலிருந்து சாயங்காலம் மோட்டார் போடுவதை நிறுத்திவிட்டார்கள். சுவிட்ச் கீழே, பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. நேற்று ராத்திரி எட்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கீழே அடிபம்பில் பிடித்து, பதினெட்டுப் படி ஏறி, ஏழு குடம் தூக்கினேன்.

முப்பதாம் தேதி காலி செய்தே ஆக வேண்டுமா? சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

சைதை வாடகைக்காரர்:
முதலில் பயப்படாதீர்கள். புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்ல ஓனருக்கு உரிமை உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் கெடு முடிந்த மறுநாளே உங்களை வெளியே தள்ள அவருக்கு அதிகாரம் கிடையாது. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 5-ஆவது பிரிவைப் பாருங்கள். கெடு முடிந்து, புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே மாதத்துக்கு மாதம் நீடிப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதிகபட்சம் ஆறு மாதம். நீங்கள் கேட்பது இரண்டு மாதம் கூட இல்லை.

அதற்கப்புறமும் போகவில்லை என்றால் அவர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்கு நீதிமன்றம். உத்தரவு இல்லாமல் பூட்டு மாற்றுவது, சாமானைத் தூக்கி வைப்பதெல்லாம் செல்லாது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள், அக்ரிமெண்டை, அந்தச் சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தீர்களா?

மாம்பலம் மாடிவீடு:
ஸ்டாம்ப் பேப்பரில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பதிவு பற்றி எனக்குத் தெரியவில்லை, கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

பெரம்பூர் அக்கா:
அதை இன்றைக்கே பாருங்கள். நாங்கள் பதிவு செய்யவில்லை. 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்று புரோக்கர் சொன்னதை நம்பினோம். சார்பதிவாளர் ஆபீசுக்கு அந்தக் கணக்கு சரி. ஒரு வருடத்துக்கு மேற்பட்டதைத்தான் அங்கே கட்டாயம் பதிய வேண்டும். புதுச் சட்டப்படியான பதிவு வேறு. எத்தனை மாதமானாலும் செய்ய வேண்டும். பத்திரம் பதியாமல் இருந்ததால், பிரச்சினை வந்தபோது அதைக் காட்டி எதையும் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. பத்து நாளில் வீடு தேடிப் போனோம். பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையையும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மாம்பலம் மாடிவீடு:
கணவர் ஃபைலைத் தேடினார். பதிவு எண் இருக்கிறது! அவரே ஆன்லைனில் செய்திருக்கிறார்.

சைதை வாடகைக்காரர்:
அப்பாடா. பாதிக் கவலை தீர்ந்தது. இனி தண்ணீருக்கு வருவோம், இதுதான் அவசரம். தண்ணீர், கரண்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட முடியும். எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் இல்லை என்று குறித்து வையுங்கள். குழாயைத் திறந்து வீடியோவும் எடுங்கள்.

ஜூலை வாடகையை வழக்கமான தேதியிலேயே வங்கி வழியாக அனுப்புங்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். வாடகை பாக்கி மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று பலரும் சொல்வார்கள், கேட்காதீர்கள். பாக்கி விழுந்தால் வெளியேற்றக் கேட்பதற்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நங்கநல்லூர் வீட்டுக்காரர்:
நான் வாடகைக்கு விடுபவன். மோட்டாரை நிறுத்தியது பெரிய தப்பு. ஆபரேஷன் ஆனவர் இருக்கும் வீட்டில் அப்படிச் செய்ய எப்படி மனசு வந்தது? ஆனால் ஓனரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆவணி என்பார்கள், அப்புறம் புரட்டாசி, அப்புறம் மார்கழி என்று இழுப்பார்களோ என்று தோன்றும். அதனால் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள் அம்மா. வாய் வார்த்தையை விடக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். சொன்ன தேதியைத் தாண்டாதீர்கள். ஒப்புக்கொண்ட தேதியையும் தாண்டி இருப்பவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

அட்வான்ஸைப் பற்றியும் அதே கடிதத்தில் எழுதுங்கள். காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் புதுவீட்டு அட்வான்ஸ் முன்கூட்டியே கட்ட வேண்டுமே, பாதியையாவது முன்னால் கேட்டுப் பாருங்கள்.

மாம்பலம் மாடிவீடு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஆகஸ்ட் 24-ஆம் தேதி காலி செய்கிறோம், அதுவரை வாடகை தவறாது, தண்ணீர் இரண்டு வேளையும் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதினோம். கணவர் நேரில் கொடுத்தார், ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பினோம். பதிவு எண்ணை மேலேயே பெரிதாகப் போட்டிருந்தோம். ஓனர் இரண்டு தடவை படித்தார். வீட்டுக்கார அம்மாதான், "தேதி சொல்லிட்டாங்கல்ல, விடுங்க" என்றாராம். ஓனர் பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அட்வான்ஸில் எழுபத்தைந்தாயிரம் ஆகஸ்ட் முதல் வாரம் தருவதாகவும் அவர் கைப்படவே அதில் எழுதினார்.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. மாமியார்தான் முதலில் கேட்டு, "தொட்டி நிறையுது பார்" என்று என்னைக் கூப்பிட்டார்.