மெல்லக் கற்கும் பிள்ளைகள்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

(பலர் எழுதிய பதிவுகள். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கரும்பலகை

பதினாறு வருடமாக ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மெல்லக் கற்கும் பிள்ளை யார் என்று முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த ஆண்டு ஒரு சிறுமி வந்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

வகுப்பிலேயே அழகான நோட்டு அவளுடையது. அச்சில் வார்த்த மாதிரி எழுத்து. பலகையில் நான் எழுதியதில் ஒரு புள்ளி விடுபடாது. 'நன்று' போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவேன். ஒருநாள் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட, "மழைநீர் மண்ணுக்குள் இறங்கி" என்று பாதியில் விட்டுவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தால், "இறங்கி என்ன டீச்சர்?" என்று வகுப்பே கத்துகிறது. அவள் மட்டும் அமைதியாக இருந்தாள். போய்ப் பார்த்தேன். "இறங்கி" என்று எழுதி, அருகில் முற்றுப்புள்ளி வைத்து, கீழே ஸ்கேலால் கோடும் போட்டு முடித்திருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள். என்ன புரிந்தது என்று கேட்டதும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டது. பக்கத்தில் இருப்பவள் பக்கத்தைத் திருப்பினால்தான் இவளும் திருப்புவாள். வகுப்பு சிரித்தால், மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தள்ளிச் சிரிப்பாள். ஆனால் வராந்தாவில் சின்ன வகுப்புப் பிள்ளை விழுந்தால் முதலில் ஓடுவதும் இவள்தான். தம்பியைப் பத்திரமாகக் கூட்டிவந்து, கூட்டிப்போகிறாள்.

மதிப்பீடு செய்தோம். அறிவுத்திறனை அளக்கும் ஐ.க்யூ. தேர்வில் 76 வந்தது. "இது குறைபாடு என்ற வரையறைக்குள் வராது, அதனால் தனி உதவி கேட்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். பதினாறு வருடத்தில் இப்படி எத்தனை நோட்டுகளுக்கு 'நன்று' போட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை. ஒரு வகுப்பில் எத்தனை பேர் இப்படி இருப்பார்கள்?

ரெண்டு பிள்ளைகளின் அம்மா

டீச்சர், படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். என் பையனுக்கு இப்ப பன்னிரண்டு வயசு. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு இருக்கே, ராத்திரி பத்துக் கணக்கு போட்டா பத்தும் சரியா இருக்கும். காலையில முதல் கணக்கையே புதுசா பாக்குற மாதிரி பாப்பான். வேணும்னே பண்றான்னு நினைச்சு ஒருநாள் அடிச்சிட்டேன். அவன் அழல. "மறந்து போச்சும்மா, நான் மறக்கல, அதுவா போயிடுச்சு"ன்னான். இன்னிக்கும் அந்த வார்த்தை தூங்க விட மாட்டேங்குது.

நாலு வருஷமும் ரிப்போர்ட்ல ஒரே வரி: "முயற்சி போதாது." சோம்பேறின்னு நேராவே சொன்னாங்க. அவ்வளவு முயற்சி பண்ற பிள்ளையை நான் பாத்ததில்ல.

நாங்களா கண்டுபிடிச்ச ஒண்ணைச் சொல்றேன். "மாடிக்குப் போய் நீல நோட்டை எடு, ஃபேனை அணை, வரும்போது தம்பியைக் கூட்டிட்டு வா"ன்னு சொன்னா தம்பி மட்டும்தான் வருவான். கடைசியா சொன்னது மட்டுந்தான் நிக்குது. இப்ப ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்றோம். காலையில செய்ய வேண்டியதெல்லாம் படமா வரைஞ்சு சுவத்துல ஒட்டியிருக்கு. அதுக்கப்புறம் வீட்டுல சத்தமே குறைஞ்சிடுச்சு.

மதிப்பீட்டு அறை

கரும்பலகை டீச்சர் கேட்டதற்கு என்னால் முடிந்த பதில். பிள்ளைகளுக்கு உளவியல் மதிப்பீடு செய்வது என் தொழில்.

ஐ.க்யூ. தேர்வுகளின் சராசரி 100. மதிப்பெண்கள் சராசரியில் இருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 15; இதைத்தான் ஒரு படி விலக்கம் என்கிறேன். இந்தக் கணக்குப்படி 70க்குக் கீழே வருபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல். 70க்கும் 85க்கும் இடையில் இருப்பவர்கள் நூற்றுக்கு 13, 14 பேர். நாற்பது பேர் வகுப்பில் முதல் வகையில் ஏறத்தாழ ஒருவர், இரண்டாம் வகையில் ஐந்தாறு பேர். உங்கள் மாணவி இந்த ஐந்தாறு பேரில் ஒருத்தி. இவர்கள் கொஞ்சமும் அரிதானவர்கள் அல்ல. சட்டமும் உதவித் திட்டங்களும் பெரும்பாலும் முதல் வகையைத்தான் பார்க்கின்றன. இரண்டாம் வகைக்குப் பல இடங்களில் பெயர்கூட இல்லை.

எத்தனை பேர் என்பது கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் இத்துறையின் முதன்மைச் சங்கம் 1959இல் வெளியிட்ட வரையறை, சராசரிக்கு ஒரு படி விலக்கம் கீழே, அதாவது 85க்குக் கீழே இருப்பவர்களையும் கணக்கில் சேர்த்தது. 1973இல் அதே சங்கம் கோட்டை இரண்டு படி கீழே, 70க்கு இறக்கியது. பிள்ளைகள் யாரும் மாறவில்லை. ஆனால் அந்தத் தேர்வுக் கணக்கில் ஆறு பேரில் ஒருவர் என்று இருந்தது, நாற்பது சொச்சம் பேரில் ஒருவர் என்று ஆகிவிட்டது.

எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. 76 என்றால் 71க்கும் 81க்கும் நடுவில் எங்கோ என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2013 முதல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம்.-5 என்ற நோயறிதல் கையேடு, குறைபாட்டின் தீவிரத்தை ஐ.க்யூ.வைக் கொண்டு அளக்காமல் அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கும் திறனைக் கொண்டே அளக்கச் சொல்கிறது. எண் குறைவதோடு அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பதிலும் சிரமம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மக்கள் தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் லேசான வகைதான். பள்ளி வயதில்தான் இந்த எண்ணிக்கை உச்சத்துக்குப் போகிறது. நாள் முழுக்க வாசி, எழுது, கணக்குப் போடு என்று கேட்கும் இடம் பள்ளி. படிப்பு முடிந்ததும் பலர் பட்டியலில் இருந்தே காணாமல் போகிறார்கள், வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறார்கள். தம்பியைப் பத்திரமாகக் கூட்டிப்போகிற உங்கள் மாணவியை நினைத்துப் பாருங்கள்.

'ஏன் என் பிள்ளைக்கு?' என்று கேட்கும் பெற்றோரிடம் நான் மழுப்புவதில்லை. லேசான வகையில் பெரும்பாலும் ஒற்றைக் காரணம் அகப்படாது. பரம்பரையின் பல சிறு கூறுகளும் வளர்ந்த சூழலும் கலந்து வருவது அது. வறுமை கூடிய இடத்தில் கூடுதலாகவே காண்கிறோம். தடுக்கக்கூடியவையும் உண்டு: கர்ப்ப காலத்தில் அயோடின் பற்றாக்குறை, சிறு வயதில் இரும்புச் சத்துக் குறைவு, பழைய பெயிண்டில் இருந்து உடம்பில் சேரும் ஈயம். ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது.

1905இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே, தியோடோர் சிமோனுடன் சேர்ந்து முதல் தேர்வை உருவாக்கியது, பள்ளியில் யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். 'உதவி கிடையாது' என்று சொல்ல அந்த எண்ணைப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

தொலைவில் ஒரு அப்பா

முதலில் காது, கண், மற்ற உடம்புக் கோளாறுகள் எல்லாவற்றையும் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். என் மகளை மந்தம் என்று ஒன்றரை வருடம் ஒதுக்கி உட்கார வைத்திருந்தார்கள். பேசிக்கொண்டே இருப்பாள், பாதி வார்த்தையில் நிற்பாள், இமை லேசாகத் துடிக்கும், பத்து நொடியில் வேறெங்கோ இருந்து தொடங்குவாள். கனவு காண்கிறாள் என்றார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. எடுத்தபோதுதான் தெரிந்தது, அது ஒருவகை வலிப்பு. கீழே விழாத, கை கால் உதறாத வலிப்பு. ஒரு நாளில் எத்தனையோ தடவை வந்து பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறது. மாத்திரை தொடங்கிய பிறகு அவள் கேட்கிற கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்லி மாளவில்லை.

மதிப்பீட்டு அறை

அப்பா சொன்னது முற்றிலும் சரி. நடுக்காதில் நீர் கோத்து அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை, மூக்கடைத்து இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளை, தைராய்டு குறைந்த பிள்ளை, பழக்கமில்லாத மொழியில் தேர்வு எழுதிய பிள்ளை என்று எத்தனையோ பேர் 'மந்தம்' என்ற பெயரோடு என் அறைக்கு வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து முடிக்காமல் நான் தேர்வுத்தாளைத் தொடுவதில்லை.

ஓய்வு பெற்றவன்

நாற்பதாண்டு ஆசிரியனாக இருந்தவன். இந்தப் பெயரெல்லாம் பிள்ளை நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் என்பது என் பயம். எங்கள் காலத்தில் பெயர் வைக்காமல் சேர்த்து உட்கார வைத்தோம்.

ரெண்டு பிள்ளைகளின் அம்மா

ஐயா, கோவிச்சுக்காதீங்க. பெயர் வைக்காம யாரும் விடறதில்ல. டாக்டர் ஒரு பெயர் சொல்றதுக்கு முன்னாடியே என் பையனுக்கு மக்கு, மண்டு, சோம்பேறின்னு மூணு பெயர் இருந்துச்சு.

கடைசி பெஞ்ச்

எனக்கு முப்பத்து நாலு வயசு. நீங்க பேசுற பிள்ளை நான். இதை எழுத ரெண்டு நாள் ஆச்சு. என் மனைவி படிச்சுப் பாத்துத் திருத்திக் கொடுத்தாங்க.

செடி வளர்த்து விக்கிற தோட்டத்துல பதினொரு வருஷமா வேலை. ஒட்டுக் கட்டுறது என் வேலை. கத்தியைச் சாய்ச்சு ஒரே இழுப்புல வெட்டணும். ரெண்டாவது தடவை வெட்டினா முகம் சமமா இருக்காது, ஒட்டாது. பட்டைக்கு உள்ள பச்சைக் கோடு ஒண்ணு இருக்கும். இதோட பச்சையும் அதோட பச்சையும் தொடணும். முதலாளி பேசிப் பேசிச் சொன்னப்ப எனக்கு ஒண்ணும் ஏறல. பக்கத்துல நின்னு இருபது தடவை செஞ்சு காட்டினாங்க. இப்ப புதுசா வர்றவங்களுக்கு நான்தான் செஞ்சு காட்டுறேன். படிவம் நிரப்பறதுன்னா இன்னும் கை நடுங்கும்.

டீச்சர்மாருக்கு ஒண்ணு சொல்லணும். எங்கள "புரிஞ்சுதா"ன்னு கேக்காதீங்க. புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவோம். புரியலன்னு சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. "நீ எனக்குச் செஞ்சு காட்டு"ன்னு கேளுங்க. அப்பத் தெரிஞ்சிடும்.

கரும்பலகை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கடைசி பெஞ்ச் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாளே 'புரிந்ததா?' என்று கேட்பதை விட்டுவிட்டேன். நாக்கு நுனி வரை வந்துவிடும், விழுங்கிக்கொள்வேன்.

தினமும் பலகையில் எங்காவது ஒரு வரியை வேண்டுமென்றே பாதியில் நிறுத்துகிறேன். முதல் நாளே இன்னும் மூன்று நோட்டுகளில் அதே முற்றுப்புள்ளியைப் பார்த்தேன். ஒருவன் நன்றாகப் பேசுபவன், விளையாட்டில் முதல் ஆள், அவன் மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. நால்வருக்கும் காது பரிசோதனை முடிந்தது. ஒருத்திக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை, அவளை முன்னால் மாற்றிவிட்டேன். மற்ற மூவரோடும் மதியம் பதினைந்து நிமிடம் உட்கார்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு பத்திதான். அதை அவர்கள் எனக்குச் சொல்லிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வரைந்து காட்ட வேண்டும். கண்டதையெல்லாம் எழுதி, தனி நேரம் ஒதுக்கக் கேட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, விடப்போவதில்லை.

அந்தச் சிறுமி இன்று நோட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "வேர் தண்ணீரை உறிஞ்சி" என்று எழுதியிருந்தாள். முற்றுப்புள்ளி இல்லை. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "டீச்சர், இங்க இன்னும் ஏதோ வரணும்" என்றாள்.