ஈரமானி 16 காட்டுகிறது, ஆனால் விறகு எரிய மறுக்கிறது. கோளாறு எங்கே?

பனிக்குடில்:
குளிர்காலத்துக்கு ஓக் விறகு சேர்த்திருக்கிறேன். மரத்தை வெட்டி ஆறேழு மாதம் ஆகிறது. பிளந்து, அடுக்கி, மழை படாமல் தார்ப்பாயால் தரை வரை மூடி வைத்தேன். ஈரமானியால் குத்திப் பார்த்தால் 16 சதவீதம். 20க்குக் கீழே இருந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் அடுப்பில் போட்டால் புஸ்ஸென்று சத்தம், கட்டை முனையில் நுரை, ஒரே இரவில் கதவுக் கண்ணாடி கன்னங்கரேல். அறையும் சூடாவதில்லை. சிம்னி அடைப்பா, அடுப்பே சரியில்லையா?

கோடரி:
ஈரமானியை எங்கே குத்தினீர்கள்? வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும், அங்கே வரும் எண்ணை நம்பக்கூடாது. ஒரு கட்டையை மறுபடி இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த பக்கத்தின் நடுவில், நார் ஓடும் திசையிலேயே குத்துங்கள். வெளியே குளிரில் கிடந்த கட்டை என்றால் முதலில் வீட்டுக்குள் வைத்துக் குளிர் விடட்டும். குளிர்ந்த மரத்தில் மீட்டர் குறைத்துக் காட்டும்.

பனிக்குடில்:
பிளந்து பார்த்தேன். நடுவில் 31!

கோடரி:
அப்போ அடுப்பைக் குறை சொல்ல வேண்டாம். ஓக் அவசரத்துக்கு ஆகாத மரம், குறைந்தது 2 கோடையாவது வெயிலும் காற்றும் பார்க்கணும். பைன், பிர்ச், ஆஷ் என்றால் ஒரு நல்ல கோடை போதும். அடுத்த முறை அவற்றையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பல்:
தார்ப்பாயையும் கவனிங்க. தரை வரை மூடினால் கட்டையிலிருந்து வரும் ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். சாரலில் நனைவது மேலோடு போகும், ரெண்டு நாள் காற்றில் காய்ந்துவிடும். அடியில் கட்டை கொடுத்து மண்ணிலிருந்து தூக்கி வைக்கணும்.

கணக்கன்:
அறை ஏன் சூடாகவில்லை என்றால், ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 0.7 கிலோவாட் மணி வெப்பம் செலவாகிறது. நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட் மணி தரும். எடையில் பாதி தண்ணீராக இருக்கும் பச்சை விறகில் அது 2 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் பெரிய தொல்லை வேறு. அடுப்பு குளிர்ந்தே இருப்பதால் மரத்திலிருந்து வரும் வாயு முழுசாக எரியாமல் மேலே போய், சிம்னிச் சுவரில் தாராகப் படிகிறது. கிரியோசோட் என்பது அதுதான். ஒருநாள் அதில் தீப்பிடித்தால் சிம்னியே கொழுந்துவிட்டு எரியும். நீங்கள் பார்க்கும் கறுத்த கண்ணாடி அதற்கு முன்னறிவிப்பு.

பனிக்குடில்:
பயமாக இருக்கிறதே. இந்தக் குளிர்காலத்துக்கு என்ன வழி? வேறு விறகு கையில் இல்லை.

கோடரி:
சூளையில் உலர்த்திய விறகோ, அழுத்திய மரத்தூள் கட்டியோ வாங்கி அதையே எரியுங்கள், ஓக்கை அடுத்த வருடத்துக்கும் அதற்கு அப்புறத்துக்கும் ஒதுக்கிவிடுங்கள். கொஞ்சமாவது எரித்தே ஆகணும் என்றால் மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வீட்டுக்குள் வைத்து, காய்ந்ததோடு ஒன்றிரண்டாகக் கலந்து போடுங்கள். இரவு முழுக்கத் தீ நிற்கட்டும் என்று காற்றுத் துவாரத்தை மூடிப் புகைய விடுவதுதான் இருப்பதிலேயே மோசம். சிம்னியை இப்போதே சுத்தம் செய்யச் சொல்லுங்கள், நடுக்குளிரில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

சுள்ளி:
நான் அடுப்பின் மேலேயே அடுக்கிவிடுவேன், சீக்கிரம் காயும்.

கோடரி:
தயவுசெய்து வேண்டாம். வீடு பற்றி எரிய அது போதும். அடுப்பின் கையேட்டில் எவ்வளவு தள்ளி வைக்கணும் என்று இருக்கும், அதற்குள் எதையும் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் இருக்கிறதா? புகையும் அடுப்பு இருக்கும் அறையில் அது இல்லாமல் தூங்கவே கூடாது.

பனிக்குடில்:
அலாரம் இருக்கிறது, பேட்டரி மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று, பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகைகள் நிறைய கிடைக்கின்றன. எரிக்கலாமா?

சாம்பல்:
முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்றிருந்தால் வெறும் சூட்டில் பதப்படுத்தியது, எரிக்கலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி விஷவாயுவால் புகை போட்டது, தொடாதீர்கள். பெயின்ட் பூசியது, எண்ணெய் கொட்டியது, முத்திரையே இல்லாதது எதுவும் வேண்டாம். நல்ல பலகையும் சட்டென்று பற்றிக்கொண்டு எரியும், அதனால் அடுப்பு நிறையத் திணிக்காமல் பற்றவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பலில் ஆணி கிடக்கும், அள்ளும்போது கை பத்திரம்.