எரிமலைப் பாறைக் குழியிலிருந்து படிகங்களைச் சேதமின்றி எடுப்பது எப்படி?

கேள்வி: புணேவாசி

வணக்கம். புணேக்கு அருகில் உள்ள ஒரு கல்குவாரியில், மேற்பார்வையாளரின் அனுமதியோடு, வெடி வைக்காத நாளில், ஒதுக்கிக் குவித்திருந்த கற்களிலிருந்து இரண்டை எடுத்து வந்தேன். ஒன்று ஏற்கெனவே உடைந்த கல். அதன் குழிக்குள் சதுரத் தூண் வடிவில் தெளிந்த படிகங்களும், அவற்றுக்கிடையே நடுவில் இறுக்கிக் கட்டிய நெற்கதிர்க் கட்டைப் போன்ற இளஞ்சிவப்புக் கொத்துகளும் உள்ளன. மற்றது உடையாத கல். அதன் ஓரத்தில் விரல் நுழையுமளவு ஓட்டை உள்ளது, டார்ச் அடித்தால் உள்ளே வெண்மையாக ஏதோ மின்னுகிறது. தெளிந்த படிகங்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க விரும்புகிறேன். கழிவறை கழுவும் ஆசிட்டில் ஊறவைத்தால் பாறை கரைந்து படிகம் மட்டும் மிஞ்சும் என்கிறார் உறவினர் ஒருவர். அது சரியா?

பதில்: பாறைப்பிரியன்

ஆசிட் போத்தலை முதலில் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தெளிந்த படிகம் குவார்ட்ஸ் அன்று. குவார்ட்ஸின் குறுக்குவெட்டு அறுகோணமாக இருக்கும். சதுரம் என்றால் பெரும்பாலும் அபோஃபிலைட் என்னும் கனிமம். கதிர்க்கட்டு வடிவக் கொத்துகள் ஜியோலைட் என்னும் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டில்பைட். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பரவிய எரிமலைக்குழம்பு இறுகியபோது வாயுக்குமிழ்கள் குழிகளாக நின்றுவிட்டன. பிற்காலத்தில் அவற்றுள் ஊறிய வெந்நீரிலிருந்து படிந்தவையே இவை. இரண்டும் தம் கட்டமைப்பிலேயே நீரைக் கொண்ட சிலிக்கேட்டுகள், அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் அடிப்படையான கனிமங்கள். கழிவறை ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அவற்றைத்தான் முதலில் சிதைக்கும். பாறை பெரும்பாலும் அப்படியே நிற்கும். உறவினர் சொன்னதற்கு நேர்மாறான விளைவே கிடைக்கும்.

தனித்தனியாகப் பிரிக்கும் எண்ணத்தையும் கைவிடுவது நல்லது. அபோஃபிலைட் தூணின் குறுக்கே ஒரே தளத்தில் வெகு எளிதாகப் பிளக்கும். அடியில் நெம்பினால் வேர் பாறையிலேயே தங்கி, மொட்டையான துண்டுதான் கையில் வரும். அதன் கடினத்தன்மை, வைரத்துக்கு 10 என்று கொள்ளும் மோஸ் அளவுகோலில், 4.5 முதல் 5 வரை மட்டுமே என்பதால் மோதிரத்துக்கும் உதவாது. மும்பைக்கும் புணேக்கும் இடையிலுள்ள போர் காட் என்னும் மலைக்கணவாயில் 1863இல் திறக்கப்பட்ட இரயில் பாதைக்காக மலையை வெட்டியபோது கிடைத்த அபோஃபிலைட், ஸ்டில்பைட் மாதிரிகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் பேசுகிறார்கள். அத்தகைய மாதிரிகளுக்குத் தாய்ப்பாறையோடு இருக்கும்போதுதான் மதிப்பு.

ஆகவே படிகத்தைத் தொடாமல் சுற்றியுள்ள பாறையைக் குறையுங்கள். குழிக்குள் ஈரமாக்கிய மெல்லிய காகிதத்தைத் தளர்வாக அடைத்து, கல்லை மணல் மூட்டையின் மீது அசையாமல் அமர்த்தி, குழியின் விளிம்பிலிருந்து இயன்ற அளவு விலகி, சிற்றுளியால் சுற்றிலும் ஒரு கோடு விழும்வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். ஓங்கி அடிக்கும் ஒரே அடியைவிட, அதே கோட்டில் திரும்பத் திரும்ப விழும் சிற்றடிகளே பாறையை நாம் நினைத்த இடத்தில் பிளக்கும். இந்தக் குழிகளில் படிகத்துக்கும் பாறைக்கும் நடுவே பச்சை நிறக் களிமண் படலம் ஒன்று அடிக்கடி இருக்கும். அதன் பிடிமானம் குறைவு. அதிர்ச்சி அதிகமானால் படிக ஓடு முழுவதும் அப்பளமாகக் கழன்றுவிடும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

பதில்: நீலக்கல்

கழுவும் முறையையும் சேர்த்துச் சொல்கிறேன். சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டு, மென்மையான பல்துலக்கியாலும் மூங்கில் குச்சியாலும் சேற்றை அகற்றலாம். வெந்நீரும் வேண்டாம், வெயிலில் காயவைப்பதும் வேண்டாம். மேலே வெள்ளைக் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்துக் கரைக்கலாம் என்பது என் கருத்து.

பதில்: பாறைப்பிரியன்

வினிகரைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. மென்மையான அமிலமே என்றாலும் நீண்ட நேரம் ஊறினால் சில ஜியோலைட்டுகளின் பளபளப்பு மங்கிவிடும். மேலும் அந்தக் கால்சைட்டே அழகான படிகமாக இருக்கக்கூடும். உதிர்ந்த ஒரு துணுக்கில் முதலில் சோதித்துப் பாருங்கள். துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் பயன்படுத்தச் சொல்வார்கள். அது குவார்ட்ஸுக்கு ஏற்றது, கால்சைட் உள்ள கல்லில் வெண்படலம் படியவைக்கும்.

புணேவாசி

இருவருக்கும் நன்றி. உடையாத கல்லை நீங்கள் சொன்னபடியே திறந்தேன். உள்ளே மயிரிழையினும் மெல்லிய வெண்ணிற இழைகள் உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கின்றன; ஓரத்தில் சிறிது தூசி படிந்துள்ளது. இதையும் சோப்பு நீரில் கழுவலாமா?

பதில்: நீலக்கல்

கூடவே கூடாது. விரலாலும் தொடாதீர்கள். ஓரத்தில் தனித்து நிற்கும் ஓர் இழையைக் குண்டூசி நுனியால் மெல்ல அசைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் ஒகினைட் என்னும் கனிமமாக இருக்கலாம். விறைப்பாக நின்று ஒடிந்தால் மீசோலைட் அல்லது ஸ்கோலசைட் என்னும் ஜியோலைட். ஒகினைட் நனைந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பா. தூசியை ஊதும் ரப்பர் பந்தால் எட்டி நின்று ஊதுங்கள். போகாததை அப்படியே விட்டுவிடலாம். பாறையின் அடிப்பகுதியை மட்டும் பிடித்து, மூடியுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாதபடி பதித்து வையுங்கள். பஞ்சிலோ துணியிலோ சுற்றி வைத்தால் இழைகள் நசுங்கிவிடும்.